ஆஸ்திரேலியக் காட்டுயிர்கள்: கூட வாழ்வது, வேட்டை, இறைச்சி, தோல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்காருதான் எங்கு பார்த்தாலும் மேய்கிறதே, யார் வேண்டுமானாலும் சுடலாமா?

கூடாது. ஆஸ்திரேலியாவுக்கே உரிய பாலூட்டி, பறவை, ஊர்வன எல்லாம் ஏறக்குறைய முழுவதுமாக மாநிலச் சட்டங்களின் பாதுகாப்பில் இருப்பவை. கோடிக்கணக்கில் இருந்தாலும் கங்காருவும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. முயல், நரி, காட்டுப்பன்றி எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை, அவற்றுக்கு விதி வேறு. பன்றி சுடப் போன இடத்தில் கங்காரு நின்றது என்று சுட்டால் அபராதம், துப்பாக்கி பறிமுதல் வரை போகும்.

சட்டப்படி கங்காரு கொல்லப்படுவதற்குச் சில வழிகளே உண்டு. இறைச்சிக்கும் தோலுக்குமாக லைசென்ஸ் பெற்றவர்கள் சுடும் வணிக அறுவடை ஒன்று. பயிரும் புல்லும் பாழாகும் விவசாயி தன் மாநில அரசிடம் வாங்கும் சேதத் தடுப்பு அனுமதி இன்னொன்று. அதில் எந்த இனம், எத்தனை தலை, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும். அப்படிச் சுட்டதைக் கறிக்கடைக்கு விற்க முடியாது. பூர்வகுடி மக்களின் உரிமை வேட்டை மூன்றாவது (கீழே தனியாக இருக்கிறது). டாஸ்மேனியாவில் பென்னட்ஸ் வாலபி, பேடிமெலன் ஆகிய சிறிய கங்காரு இனங்களை வேட்டையாடத் தனி லைசென்ஸ் கிடைக்கும்.

கடையில் கிடைக்கும் கங்காரு இறைச்சி பண்ணையில் வளர்த்ததா?

இல்லை, அத்தனையும் காட்டில் சுட்டது. வேலியைத் தாண்டும் விலங்கு, அடைத்து வைத்தால் மன அழுத்தத்திலேயே தசை சிதைந்து சாகும். ஆகவே பண்ணை என்பது கட்டுப்படியாகாது.

வேலை நடப்பது இரவில். ஷூட்டர் பெரும்பாலும் தனி ஆள். பின்புறம் கம்பிச் சட்டம் கட்டிய ஒரு யூட் வண்டி (பின்பக்கம் திறந்த சிறு சுமைவண்டி), கூரையில் ஸ்பாட்லைட், .223 போன்ற சென்டர்ஃபயர் ரைபிள், இவைதான் கருவி. கிளம்பும் முன் ஒரு குறியட்டையில் சுட்டுப் பார்த்து ஸ்கோப் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கரடுமுரடான தடத்தில் குலுங்கியதில் ஸ்கோப் சற்றே விலகினாலும் குண்டு தாடையில் படும். விலங்கு ஓடிப்போய் நாள்கணக்கில் துடித்துச் சாகும். ஒளி பட்டதும் கங்காரு நிமிர்ந்து அசையாமல் நிற்கும். அந்த நிலையில் தலையில், மூளையில் ஒரே குண்டு. ஓடுகிற விலங்கைச் சுடக்கூடாது. பலத்த காற்றிலும் தூசியிலும் சுடக்கூடாது. இது தேசிய நடத்தை விதி. வணிகமும் இதற்குத் துணை நிற்கிறது: கழுத்திலோ உடலிலோ குண்டு பட்ட உடலை இறைச்சி ஆலை வாங்காது, ஷூட்டருக்குப் பணமும் வராது.

சுட்டதும் வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ரத்தம் வடித்து, அங்கேயே குடலை எடுத்துவிடுவார்கள். கத்தி ஒரு விரற்கடை ஆழமாகப் போய்க் குடல் கிழிந்தால் சாணம் இறைச்சியில் படும், அந்த உடல் கழிவுதான். தோலை மட்டும் உரிப்பதில்லை. ஆலைக்குப் போகும்வரை தூசியிலிருந்தும் ஈயிலிருந்தும் இறைச்சியைக் காப்பது அந்தத் தோலே. ஒவ்வொரு உடலிலும் எண் பொறித்த ஒரு டேக் பூட்டப்படும். டேக் இல்லாத உடலை வாங்குவதும் குற்றம். சூரியன் உதித்து 2 மணி நேரத்துக்குள் அது சில்லருக்குள் போயாக வேண்டும். சில்லர் என்பது ஊரோரம் நிறுத்தியிருக்கும் குளிர்பதனக் கண்டெய்னர். ஆலையின் லாரி வாரத்துக்கு ஓரிரு முறை வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

இப்படிச் சுட்டால் இனம் அழிந்துவிடாதா?

வணிகத்துக்கு அனுமதிக்கப்பட்டவை சில இனங்களே: சிவப்புக் கங்காரு, கிழக்குச் சாம்பல், மேற்குச் சாம்பல், வாலரூ, டாஸ்மேனியாவின் அந்த இரண்டு சிறிய இனங்கள். சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் நேர்கோட்டில் பறந்து எண்ணி, அந்த எண்ணிக்கையில் 15 முதல் 20 சதவீதம் வரை கோட்டா வைக்கிறார்கள். உண்மையில் சுடப்படுவது அதைவிட வெகு குறைவு. ஷூட்டர்கள் குறைவு, விலை குறைவு, தூரம் அதிகம்.

எண்ணிக்கையை உண்மையில் ஏற்றி இறக்குவது மழை. நல்ல மழை தொடர்ந்தால் இருமடங்காகப் பெருகும். வறட்சி வந்தால் வேலியோரம் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடக்கும். வறட்சியில் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் அந்த வட்டாரத்தில் அறுவடையைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள்.

தாயைச் சுட்டால் பையில் இருக்கும் குட்டி?

இந்தத் தொழிலின் கசப்பான பகுதி இதுதான், மழுப்பத் தேவையில்லை. குட்டியோடு நிற்பது கண்ணுக்குத் தெரியும் பெண்ணைச் சுடக்கூடாது என்கிறது விதி. ஆனால் பைக்குள் இருக்கும் சிறு குட்டி வெளியே தெரியாது. பெண்ணைச் சுட்டால் உடனே பையைப் பார்த்து, குட்டி இருந்தால் அதையும் விரைவாகக் கொல்ல வேண்டும் என்பதே விதி; விட்டால் பட்டினியிலோ நரியின் வாயிலோ சாகும். இதை எதிர்ப்பவர்களின் முக்கிய வாதமும் இதுவே. அந்த வாதத்துக்கு நேர்மையான பதில், ஆண்களை மட்டுமே வாங்குவது. சில ஆலைகள் அப்படிச் செய்கின்றன.

வாங்கிச் சமைத்தோம், ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதால். ஆட்டுக்கறியில் உருகி ஈரம் கொடுக்கும் கொழுப்பு இதில் கிடையாது. நடுத்தரத் தீயில் கால் மணி நேரம் வதக்கினால் நீர் முழுக்க வெளியேறி நார் மட்டும் மிஞ்சும். ஒன்று மிக வேகமாகச் சமையுங்கள், இல்லையென்றால் மிக மெதுவாக. நடுவழி கிடையாது.

முதுகு, தொடைத் துண்டுகளுக்கு வேக வழி. 2 செ.மீ. தடிமன் துண்டை ஃபிரிட்ஜிலிருந்து அரைமணி முன்பே எடுத்து வைத்து, காகிதத் துணியால் ஈரம் ஒற்றுங்கள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறைச்சியின் மேல் தடவுங்கள். கல் புகையும் அளவுக்குச் சூடானதும் ஒரு பக்கம் 2 முதல் 3 நிமிடம், மறுபக்கம் அதே அளவு. உள்ளே சிவப்பாகவே இருக்கும். எடுத்து 5 நிமிடம் மூடி வைத்து, நாருக்குக் குறுக்கே அரியுங்கள். மிளகு, பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை இதற்கு நன்றாகவே பிடிக்கும். புளிப்பில் இரவு முழுக்க ஊறவைத்தால் மேற்புறம் மாவாகிவிடும். ஒரு மணி நேரம் போதும்.

குழம்புக்கு வாங்க வேண்டியது வால். கணுக்கணுவாக வெட்டி விற்பார்கள். ஜவ்வு நிறைய, அது கரையும்வரை வெந்தால்தான் ருசி. பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம், சாதாரணப் பாத்திரத்தில் 3 முதல் 4 மணி நேரம். மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி ஊர்களில் மளிகைக் கடை ஃப்ரீசரிலேயே மயிரோடு முழு வால் கிடைக்கும். மயிரை நெருப்பில் பொசுக்கிச் சுரண்டி, ஃபாயிலில் சுற்றி, குழியில் தணல் பரப்பி, மேலே மண்ணும் தணலும் மூடி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: கங்காருவின் தசையில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சிவப்பாக உண்ண வேண்டாம், முழுக்க வேகவைத்ததே சரி. கொத்திய கறியை யாரானாலும் முழுக்க வேகவையுங்கள்.

சாலையில் அடிபட்டதை எடுத்துச் சமைக்கலாமா?

வேண்டாம். எப்போது செத்தது என்று தெரியாது. குடல் உள்ளே வெடித்திருக்கும். பின்னங்கால் முட்டியைச் சுற்றி நூல்போன்ற வெள்ளைப் புழுக்கள் கங்காருவில் சகஜம், ஆலையில் பரிசோதகர் பார்த்து வெட்டி எறிவார், சாலையோரம் அந்தக் கண் இருக்காது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடலை அனுமதியின்றி எடுத்துச் செல்வதே பல இடங்களில் குற்றம்.

வண்டியில் கங்காரு மோதிவிட்டால் என்ன செய்வது?

மோதும் முன்: மாலை மங்கும் நேரமும் விடியலும்தான் ஆபத்து. ஒன்று தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், பின்னால் இன்னும் இரண்டு வரும். குறுக்கே பாய்ந்தால் நேராகப் பிரேக் அடியுங்கள், ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். உயிர்ச் சேதம் பெரும்பாலும் கங்காருவால் வருவதில்லை. அதைத் தவிர்க்கப் போய் வண்டி உருள்வதாலும் மரத்தில் மோதுவதாலும் வருகிறது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் விலங்கு மோதல், இரவுப் பயணம் பற்றிய வரிகளைப் படித்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

மோதிய பின்: வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி, அபாய விளக்கைப் போடுங்கள். உயிரோடு இருந்தால் பின்னங்காலுக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள். விலங்கு மீட்பு அமைப்புக்கு அழையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் அமைப்பின் எண் 1300 094 737. செத்திருந்தால் வாலைப் பிடித்துச் சாலையை விட்டு நன்றாக இழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் அதைத் தின்ன வரும் கழுகும் அடிபடும்.

பிறகு வயிற்றைப் பாருங்கள். பை இருந்தால் பெண். கையை விட்டுத் துழாவுங்கள். தாய் செத்து நெடுநேரம் ஆனாலும் குட்டி உயிரோடு இருக்கலாம். மயிர் முளைக்காத குட்டி காம்பைக் கவ்வியபடி இருக்கும். காம்பின் நுனி அதன் வாய்க்குள் வீங்கியிருப்பதால் இழுத்தால் தாடை கிழியும். தாயையும் சேர்த்து மீட்பாளரிடம் கொண்டுபோக முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் காம்பைத் தாயின் உடலை ஒட்டி வெட்டி, குட்டி விழுங்கிவிடாமல் வெட்டிய முனையில் ஓர் ஊக்கு குத்தி, துணியோடு சேர்த்துப் பூட்டுங்கள். தலையணை உறையில் போட்டு உங்கள் ஸ்வெட்டருக்குள் உடம்போடு அணைத்து வையுங்கள். இருட்டு, வெதுவெதுப்பு, அமைதி. பாட்டுப் போடாதீர்கள், எல்லாரிடமும் காட்டாதீர்கள், பசும்பால் கொடுக்காதீர்கள். அதன் லாக்டோஸ் கங்காருக் குட்டிக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் போய்விடும்.

பை பார்த்த உடலின் மேல் ஸ்பிரே பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள் தன்னார்வலர்கள். அந்தக் குறி இருந்தால் நீங்கள் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டுப் பின்புறம் கங்காரு வருகிறது. ரொட்டி போடலாமா?

போடாதீர்கள். மென்மையான உணவு ஈறில் ஒட்டிப் புண்ணாகி, தாடை எலும்பு வரை அழுகும். மேலும், கையில் உணவு எதிர்பார்த்துப் பழகிய ஆண், இல்லாதபோது உதைக்கும். வளர்ந்த சிவப்புக் கங்காரு ஆண் 85 கிலோ வரை இருக்கும், முன்கையால் பிடித்து, வாலில் ஊன்றி, இரண்டு கால்களாலும் வயிற்றில் உதைக்கும். நெஞ்சை நிமிர்த்தி அருகே வந்தால் நீங்களும் நிமிர்ந்து நிற்காதீர்கள், அது சண்டைக்கு ஒப்புதல். குனிந்து, முகத்தையும் வயிற்றையும் கைகளால் மறைத்து, மெதுவாகப் பின்வாங்கி மரமோ வேலியோ நடுவில் வரும்படி செய்யுங்கள். நாயை ஏவக் கூடாது. துரத்தப்பட்ட கங்காரு குளத்தில் இறங்கி நின்று, பின்னால் வரும் நாயைப் பிடித்து அமுக்கிவிடும்.

பூர்வகுடி மக்களுக்கு மட்டும் வேட்டை உரிமை ஏன்?

சலுகையாகக் கொடுத்ததல்ல, ஏற்கெனவே இருந்த உரிமையைச் சட்டம் ஒப்புக்கொண்டது. 1993-ஆம் ஆண்டின் பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு, தம் நிலத்தில் தம் வீட்டு, சமூகத் தேவைக்காக வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமை உள்ளவருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறது. வணிகத்துக்கு அது செல்லாது.

இதைச் சோதித்த வழக்கு முதலையால் வந்தது. கார்பென்டேரியா வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த முர்ரண்டூ யானர் 1994-இல் மரபு ஈட்டியால் இரண்டு இளம் உப்புநீர் முதலைகளைப் பிடித்தார். குவீன்ஸ்லாந்து அரசு வழக்குத் தொடுத்தது. காட்டுயிர் எல்லாம் அரசின் சொத்து என்று மாநிலச் சட்டம் சொல்வதால் பழைய உரிமை அற்றுவிட்டது என்பது வாதம். 1999-இல் ஆஸ்திரேலியாவின் உச்சகட்ட நீதிமன்றமான ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை.

அதே உரிமையில்தான் டாரஸ் நீரிணைத் தீவினர் ஆவுளியாவையும் (கடற்பசு) பச்சை ஆமையையும் பிடிக்கிறார்கள். விருந்தாளியாகப் போன நீங்கள் ஈட்டியை வாங்கி எறிய அந்த உரிமை இடம் தராது.

வடக்கே போகிறோம். முதலை இருக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது?

எச்சரிக்கைப் பலகை இல்லாத நீர்நிலையிலும் முதலை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் பலகையும் போகும், முதலையும் இடம் மாறும். கரையிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கூடாரம் 50 மீட்டர் தள்ளி. மீனைக் கரையில் சுத்தம் செய்யாதீர்கள். அதைவிட முக்கியம், ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். காலையில் தண்ணீர் மொண்ட இடத்தில் மாலையிலும் மறுநாளும் மொண்டால், நீருக்கடியில் இருந்து அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் முதலைக்கு நீங்களே நேரம் குறித்துக் கொடுக்கிறீர்கள். உப்புநீர் முதலை என்ற பெயரை நம்பி நன்னீர்க் குட்டையில் இறங்கியவர்கள் உண்டு. அது ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே வரும்.

அவ்வளவு ஆபத்தான விலங்கை ஏன் பாதுகாக்கிறார்கள்?

தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் வடக்குப் பிரதேசத்தில் ஏறக்குறைய 3,000 மட்டுமே மிஞ்சியபோது, 1971-இல் தடை வந்தது. இன்று அங்கே சுமார் 1,00,000. இத்தனை முதலையை மக்கள் சகித்துக்கொள்ள வேண்டுமென்றால் அதனால் ஏதாவது வருமானம் வர வேண்டும், அதற்கு வழிசெய்தது முட்டை.

மழைக்காலத்தில் தாய் புல்லையும் சேற்றையும் குவித்து ஏறக்குறைய 50 முட்டை இடும். அவற்றில் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கிக் கெடும். மூழ்கும் முன் எடுத்தால் இனத்துக்கு இழப்பில்லை. ஹெலிகாப்டரில் போய் இறங்கி, ஒருவர் கம்போடு தாயைத் தடுத்து நிற்க, இன்னொருவர் கூட்டைத் திறப்பார். ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பேனாவால் குறியிட்ட பிறகே தூக்க வேண்டும். கரு ஓட்டின் உச்சியில் ஒட்டியிருக்கும், முட்டை புரண்டால் மூச்சடைத்துச் சாகும். கூட்டின் புல்லோடு பெட்டியில் அடுக்கி, தோலுக்காக முதலை வளர்க்கும் பண்ணையில் 32 டிகிரியில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலும் ஆண் பொரிக்கும், ஆண் வேகமாக வளரும். முட்டைக்கான பணத்தில் நிலத்தின் உரிமையாளர்களுக்கும் பங்கு உண்டு, அவர்களில் பலர் பூர்வகுடிச் சமூகத்தினர்.

பாம்பு கடித்தால்?

அவசர உதவி எண் 000-க்கு அழையுங்கள். நடக்கக் கூடாது. 10 முதல் 15 செ.மீ. அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணியால் கடிவாயில் தொடங்கி, பிறகு விரல்களுக்குச் சற்று மேலிருந்து மேல்நோக்கிக் கை கால் முழுவதையும் சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில் சுற்றி, கம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். கடிவாயின் இடத்தைத் துணிமேல் குறியிடுங்கள். கழுவாதீர்கள், தோலில் ஒட்டிய நஞ்சை வைத்தே எந்த இனம் என்று மருத்துவமனையில் சோதிக்க முடியும். கயிற்றுக் கட்டு, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடிக்கப் போகாதீர்கள். அதுவும் பாதுகாக்கப்பட்டது, அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்களும் நிறைய. வீட்டுக்குள் வந்தால் லைசென்ஸ் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழைத்து, அவர் வரும்வரை தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண் வைத்திருங்கள்.

கூரைக்குள் பாஸம் ஓடுகிறது. பிடித்துக் காட்டில் விடலாமா?

பாஸம் மரத்தில் வாழும், பையுள்ள சிறு பாலூட்டி. அதைத் தொலைவில் கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம், பயனும் இல்லை. அங்கே ஏற்கெனவே இடம் பிடித்த பாஸம்கள் அதைக் கடித்து விரட்டும். உங்கள் கூரைக்கு வேறொன்று வரும். செய்ய வேண்டியது ஓட்டையை அடைப்பது. மரத்தில் ஒரு கூட்டுப்பெட்டி மாட்டி, இருட்டியதும் அது இரை தேடப் போனதை உறுதி செய்து, உள்ளே குட்டி இல்லை என்றும் பார்த்துவிட்டுத் தகரத்தால் அடையுங்கள். பகலில் அடைத்தால் உள்ளேயே செத்து, நாற்றம் வாரக்கணக்கில் போகாது. கூரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

மேக்பை கொத்துகிறது.

மேக்பை ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, கூட்டிலிருந்து சுமார் 100 மீட்டருக்குள், ஆண் பறவைதான் பாயும். சில வாரம் வேறு தெருவில் போங்கள். சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். கல்லெறிந்தால் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டும் வரும்.

மாமரத்துக்கு வலை போட வேண்டும், பழந்தின்னி வௌவால் வருகிறது.

வலைக் கண்ணுக்குள் உங்கள் விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். வௌவாலும் பறவையும் சிக்கிச் சாகும். விக்டோரியாவில் வீட்டுப் பழமரத்துக்கு 5 மி.மீ.க்கு மேற்பட்ட கண் உள்ள வலை 2021 முதல் சட்டவிரோதம். சிக்கிய வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். அதில் ரேபிஸ் குடும்பத்து லிஸ்ஸா வைரஸ் இருக்கலாம், நோய் முற்றினால் மருந்தில்லை. கீறினால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போடுங்கள்.

வாத்து வேட்டை?

மேற்கு ஆஸ்திரேலியா 1990-இலும் நியூ சவுத் வேல்ஸ் 1995-இலும் குவீன்ஸ்லாந்து 2005-இலும் பொழுதுபோக்கு வாத்து வேட்டையைத் தடை செய்துவிட்டன. விக்டோரியாவில் பருவம், நாள் வரம்பு எல்லாம் ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். பறக்கும் வாத்தைப் பார்த்து எந்த இனம் என்று சொல்லும் தேர்வில் தேறினால்தான் லைசென்ஸ். ஈயக் குண்டு கூடாது. சேற்றில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி வாத்துகள் சாகின்றன.

ஊருக்குப் போகும்போது கங்காருத் தோல், முதலைப் பர்ஸ் வாங்கிப் போகலாமா?

வணிகக் கங்காரு இனங்களின் தோல் பொருள் கடையில் தாராளமாக வாங்கலாம், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முதலைத் தோல் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் கீழ் வருகிறது. கடைக்காரரிடம் அதற்கான ஏற்றுமதித் தாளைக் கேளுங்கள், போய் இறங்கும் நாட்டின் விதியைப் பயணத்துக்கு முன்பே பாருங்கள். கரையில் கிடைத்த இறகு, மண்டையோடு, ஆமை ஓடு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.